கடைசிக் கை

கூடைப்பந்து ஆடுகிறவர்கள் எல்லாம் ஒட்டடைக் குச்சி மாதிரிதான் இருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் கட்டையைப் பார்த்ததில்லை. பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் பயன்பட்டது. பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற மெக்கானிக் அவன். சக ஆட்டக்காரர்களின் தோளுக்குக்கூட எட்ட மாட்டான். ஆனால் பந்து அவன் கைக்குப் போய்விட்டால், ஆறடி ஆசாமிகள் எல்லாம் தங்கள் உயரத்தைத் தாங்களே நொந்துகொண்டு குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டே அவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து போய்விடுவான்.

கள்ளனை நம்பினாலும் நம்பலாம், குள்ளனை நம்பக் கூடாது என்பார்கள். அதை முதலில் சொன்னவன் எந்தக் குள்ளனிடம் ஏமாந்தானோ தெரியாது. அந்த டிப்போவில் எட்டுப் பேர் ஒரு குள்ளனை நம்பி வேலையை விட்டார்கள்.

நடந்தது இதுதான். டிப்போ அணி தொழிலாளர் லீக்கில் வருஷா வருஷம் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது. மில்லுக்காரர்கள், அச்சகத்துக்காரர்கள், தண்ணீர்க் குழாய் இலாகாக்காரர்கள் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து ஆடுகிற லீக் அது. ஒரு நாள் மெத்தை கம்பெனி முதலாளி ஒருவர் இறுதி ஆட்டம் பார்க்க வந்தார். பார்த்தவருக்கு ஆசை வந்துவிட்டது. புதிதாக ஒரு தொழில்முறை லீக் தொடங்குகிறார்கள், அதில் ஓர் அணிக்கு நான் இடம் வாங்கியிருக்கிறேன், நீங்கள் எல்லோரும் அப்படியே வந்துவிடுங்கள், ஆட்டமே உங்களுக்கு வேலை என்றார். டிப்போவில் நீண்ட விடுப்பு தர மாட்டார்கள். வருவதென்றால் ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர வேண்டும்.

மற்றவர்கள் தயங்கினார்கள். கேப்டன் கட்டைதான் ஒவ்வொருவராக டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசினான். ரொம்பத் தயங்கியவன் அவன் மனைவியின் தம்பி. டிப்போவில் அவனுக்கு ஏணி என்று பெயர். கட்டையின் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். ஏணி மாடியில் இருப்பதுதானே நியாயம் என்று கிண்டல் செய்வார்கள். அப்போது ஏணியின் மனைவிக்கு ஏழாம் மாதம்.

“மாமா, கால் காசுன்னாலும் கவர்மெண்ட் காசுன்னு அப்பா சொல்லிச் சொல்லித்தான் என்னை இதுல சேத்து விட்டாரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?”

“நான் இருக்கேன்லடா” என்றான் கட்டை.

அந்த ஒரு வார்த்தைக்கு ஏணி கையெழுத்துப் போட்டான்.

புது லீக்கில் என்ன நடந்தது என்பதை நீட்டி முழக்கினால் சொல்கிறவனுக்கும் வலிக்கும், கேட்கிறவனுக்கும் வலிக்கும். மண்ணைக் கவ்வினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர்கள் யானையும் இல்லை, இவர்களுக்குச் சறுக்கியது அடி மட்டும் இல்லை. எதிரே வந்தவர்கள் பன்னிரண்டு வயதிலிருந்து இதையே சாப்பாடாகத் தின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு உடற்பயிற்சிக்கு ஒரு ஆள், சாப்பாட்டுக்கு ஒரு ஆள், எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்று வீடியோ போட்டுச் சொல்ல ஒரு ஆள். கட்டை எந்தக் கால் இடுக்கில் புகுவான் என்பது அவன் புகுவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் மாதத்திலேயே அவன் வித்தையெல்லாம் தீர்ந்துபோயிற்று.

ஜெர்ஸியில் நெஞ்சுப் பக்கம் ஒரு தலையணைப் படம். முதுகில் ‘நிம்மதியான உறக்கம்’ என்று எழுதியிருக்கும். இவர்கள் ஒரு கூடையைத் தவற விட்டால் போதும், வெளியூர் அரங்குகளில் கூட்டம் முழுவதும் சேர்ந்து கொட்டாவி விடும். முதலில் இவர்களும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்க ஆரம்பித்தது. ஒரு பருவம் முழுக்க ஆடி ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் கடைசியாக ஒரு கதவு திறந்திருந்தது. பட்டியலில் கடைசி இரண்டு இடத்தில் இருக்கும் அணிகள் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். முதலாவது எதிர் அணியின் ஊரில், இரண்டாவது இவர்கள் ஊரில். தனித்தனியாக யார் ஜெயித்தார்கள் என்பது கணக்கே இல்லை. இரண்டு ஆட்டத்தின் பாயிண்டுகளையும் கூட்டுவார்கள். கூடுதலாக எடுத்தவன் லீக்கில் இருப்பான், மற்றவன் வெளியே போவான்.

முதலாளி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். “இருந்தா இன்னொரு வருஷம் பாப்போம். வெளிய போயிட்டா கடையைச் சாத்திட வேண்டியதுதான். எனக்கும் ஆசைக்கு ஒரு அளவு இருக்கு.”

எதிர் அணி பெயிண்ட் கம்பெனிக்காரர்கள். அவர்களும் பருவம் முழுக்க அடி வாங்கியவர்கள்தான். ஆனால் இரண்டு மூன்று ஆட்டம் ஜெயித்து நல்ல பேரோடு அடி வாங்கியவர்கள். அவர்களுடைய கேப்டன் நீண்ட கழுத்தும் மெலிந்த கால்களுமாக இருப்பான். ஏணி அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தான். சின்னப் பையன்தான், ஆனால் மரியாதை தெரிந்தவன். கொட்டாவி விட்ட தன் ஊர்க் கூட்டத்தை ஒருமுறை கையமர்த்தியவன்.

இனிதான் கதையின் முள் இருக்கும் இடம். அதற்கு முன் பழைய லீக்கின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பெயர் கடைசிக் கை. யார் ஜெயிப்பது என்று தெரிந்துபோன பிறகு, தோற்கிற பக்கத்துக் கேப்டன் கடைசி நொடிகளில் கூடைக்குப் பாய மாட்டான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேராகப் போய் எதிர்க் கேப்டனுக்குக் கை கொடுப்பான். மணி அதற்கப்புறம்தான் அடிக்கும். முன்னொரு காலத்தில் அச்சகத்துக்காரன் ஒருவன், எப்படியும் தோற்கப்போகிற ஆட்டத்தில் வீம்புக்குப் பாய்ந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். அந்தக் கையால் பிறகு மெஷின் ஓட்டவே முடியவில்லை. விடிந்தால் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்களுக்குக் கையும் காலும்தானே சொத்து? அன்றிலிருந்து வந்த வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை நீட்டுகிறவனிடமிருந்து பந்தைப் பிடுங்கலாம் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வந்ததில்லை. கட்டை பதினெட்டு வயதிலிருந்து அப்படித்தான் ஆடியிருக்கிறான்.

முதல் ஆட்டத்தில் பெயிண்ட் கம்பெனி பாதியிலேயே வெகுதூரம் முன்னால் போய்விட்டது. பிறகு என்ன வேகம் வந்ததோ, இவர்கள் துரத்தி, துரத்தி, கடைசியில் வித்தியாசம் ஏழில் வந்து நின்றது. இன்னும் நாலைந்து நொடி. பந்து கட்டையின் கையில். எதிரில் காவலுக்கு நின்றவன் கால் வழுக்கி உட்கார்ந்திருந்தான். கூடை வரைக்கும் வழி வெறிச்சோடிக் கிடந்தது.

“போங்க மாமா! போங்க!” என்று ஏணி தொண்டை கிழியக் கத்தினான்.

கட்டை நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். ஏழு பாயிண்ட். நாலு நொடி. ஆட்டம் முடிந்தது என்றது மனசு. ஒவ்வொரு பாயிண்டும் கணக்கு என்று கோச் வாரம் முழுக்கச் சொன்னது காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. ஆனால் காதுக்கும் கைக்கும் நடுவில் இருபது வருஷத்துப் பழக்கம் உட்கார்ந்திருந்தது. பந்து தானாகக் கக்கத்துக்குப் போயிற்று. கால் தானாகக் கொக்கின் பக்கம் திரும்பிற்று. கட்டை சிரித்த முகத்தோடு கை நீட்டினான்.

கொக்கு ஒரு கணம் விழித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். மணி அடித்தது.

“என்னண்ணே இது?” என்று கேட்டான் கொக்கு. “இன்னும் டைம் இருந்துச்சே?”

“எங்க பழைய லீக்ல இப்படித்தான் தம்பி. முடிஞ்சு போன ஆட்டத்துல கடைசிப் பந்தை எறிய மாட்டோம். கை குடுத்துடுவோம்.”

“நல்லா இருக்குண்ணே” என்றான் கொக்கு, மனதாரச் சொன்னான். “இந்த லீக்ல யாரும் யாரையும் மனுஷனாவே பாக்குறதில்ல.”

கட்டைக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. திரும்பித் தன் ஆட்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கொக்கின் கையை விட்டான்.

உடை மாற்றும் அறையில் கோச் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பலகையில் ஏழு என்று எழுதினார். பக்கத்தில் ஐந்து என்று எழுதினார். ஐந்தைத் துணியால் அழித்துவிட்டு வெளியே போனார். ஏணி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான்:

“வருஷம் பூரா எல்லாருக்கும் தூக்கிக் குடுத்தாச்சு. கை ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதையும் குடுத்தாச்சு.”

அதற்குப் பிறகு மாமனிடம் அவன் பேசவில்லை.

ஒரு வாரம். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இரண்டு பேர் பேசாமல் இருந்தால் நடுவில் இருக்கிற படிக்கட்டுக்குத்தான் சிரமம். கட்டையின் மனைவி தம்பி வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கினாள். அவளுக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பந்து வளையத்துக்குள் போனால் நல்லது, போகாவிட்டால் கெட்டது, அவ்வளவுதான்.

“அவன் உங்க மேல கோவமா இருக்கான்” என்றாள், ஜெர்ஸியைப் பிழிந்து உதறியபடி.

“தெரியும்.”

“ஒரு கூடை போடலேங்குறது அவ்வளவு பெரிய குத்தமா?”

“பெருசுதான்.”

“வருஷம் பூராத்தான் போடல. அப்பெல்லாம் கோவப்படாதவன் இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறான்?”

போட முடியாமல் போனது வேறு, போடாமல் விட்டது வேறு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அவள் ஜெர்ஸியைக் கொடியில் போட்டாள். தலையணைப் படம் தலைகீழாகத் தொங்கியது. அறையின் மூலையில் ஏணியின் குழந்தை குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தது. கட்டை அதைப் பார்க்காமல் எழுந்து சட்டையை மாட்டினான்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“சும்மாதான். கால் போன போக்குல.”

கால் டிப்போவுக்குப் போயிற்று. கேட்டில் புதுக் காவலாளி. எங்கே போகிறாய் என்று கேட்டான். இருபது வருஷம் கேட்காமல் போன கேட் அது. பட்டறைக்குள் அதே டீசல் வாசம், காற்றுக் குழாயின் அதே சீறல். அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் ஒரு பஸ் நின்றது, சக்கரம் கழற்றி வைத்திருந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து பிரேக் டிரம்மைத் தட்டுகிற சத்தம் வந்தது. சத்தத்தை வைத்தே கட்டைக்குத் தெரிந்தது: தட்டுகிறவன் கை சுத்தமான கை, வேலை தெரிந்தவன்தான். அது அவனுக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

ஃபோர்மேன் பழைய சிநேகிதர். டீ வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது தெரிந்தது.

“எடம் நெறைஞ்சு போச்சுப்பா” என்றார், கட்டை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. “உங்க ஒம்போது பேரு எடத்துக்கும் ஆள் போட்டாச்சு. மேல கேட்டா, போனவங்க போனவங்கதான்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“நான் எனக்காகக் கேக்கலண்ணே. என் மச்சானுக்காவது…”

ஃபோர்மேன் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே, “அவரும் இதையேதான் சொன்னாரு” என்றார்.

“யாரு?”

“உங்க மச்சான். இப்பத்தான் வந்துட்டுப் போறாரு. எனக்கு இல்லாட்டியும் பரவால்ல, எங்க மாமாவுக்கு ஏதாவது பாருங்கன்னாரு.”

கட்டை டீயை வைத்துவிட்டு எழுந்தான். வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் ஏணி நின்றுகொண்டிருந்தான். அந்த உயரத்துக்கு எங்கேயும் ஒளிந்துகொள்ள முடியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஏணி முன்னால் நின்றான், கட்டை பின்னால் உட்கார்ந்தான். வீட்டுக்கு முந்தின நிறுத்தத்தில் கட்டை இறங்கி நடந்து வந்தான். மனம் விட்டு அழ அந்த ஒரு நிறுத்தத் தூரம் போதவில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்திருந்தது. வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் டிப்போக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டையின் மனைவியும் வந்திருந்தாள், முதல் தடவையாக. மடியில் ஏணியின் குழந்தை, பக்கத்தில் ஏணியின் மனைவி. முதலாளி முன் வரிசையில் உட்கார்ந்து செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு எல்லோருக்கும் தெரியாது, ஆடுகிறவர்களுக்குத் தெரியும். எட்டு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். வெறுமனே ஜெயித்தால் போதாது.

கோர்ட்டுக்குள் இறங்கும் வாசலில் ஏணி பக்கத்தில் வந்து நின்றான். ஒரு வாரத்தில் முதல் வார்த்தை.

“இன்னைக்காவது யாருக்கும் கை குடுத்துடாதீங்க மாமா.”

“குடுக்க மாட்டேன்டா” என்றான் கட்டை. “சத்தியமா.”

அன்றைக்கு அவர்கள் ஆடிய ஆட்டத்தை ஒரு மாதம் முன்னால் ஆடியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏணி பலகையில் பட்டுத் திரும்புகிற ஒவ்வொரு பந்தையும் வானத்திலிருந்து பறிப்பது போலப் பறித்தான். கட்டை பழையபடி தரையோடு தரையாக ஓடினான். வீடியோ பார்த்துக் கற்றவர்கள் வீடியோவில் இல்லாத ஒருவனைப் பார்த்தார்கள். மூன்றாவது கால் பகுதியில் வித்தியாசம் பத்து. முதலாளி செல்ஃபோனைப் பைக்குள் வைத்தார். கூட்டம் எழுந்து நின்றது. கட்டை ஒரே ஒருமுறை மனைவி இருந்த பக்கம் பார்த்தான். அவள் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டவைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெயிண்ட் கம்பெனி விழித்துக்கொண்டது. பத்து எட்டாயிற்று. எட்டு ஐந்தாயிற்று. ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஏணி ஒன்றைப் போட்டு ஆறாக்கினான், இன்னொன்றைத் தவறவிட்டான். பிறகு யாரும் போடவில்லை. ஆறு, ஆறு, ஆறு. போர்டில் அந்த எண் ஆணி அடித்தது போல நின்றது. முதல் ஆட்டத்தில் அந்த ஒரு கூடையைப் போட்டிருந்தால் இந்த ஆறே போதும். ஓடும்போதெல்லாம் கட்டைக்கு அதுவே காதில் கேட்டது. கோர்ட்டில் இருந்த மற்ற நாலு பேருக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. கட்டை உள்ளே புகுந்து ஏணிக்குக் கொடுத்தான். ஏணி எம்பினான். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, ஒரு கணம் யோசித்து, வெளிப்பக்கம் விழுந்தது. விழுந்த பந்தைப் பிடித்தவன் கொக்கு.

மூன்று நொடி. கொக்கு நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். இந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றுவிட்டார்கள். ஆனால் கூட்டினால் ஒரே ஒரு பாயிண்ட் அவர்கள் பக்கம். முடிந்துவிட்டது. அவன் சுற்றிலும் பார்த்தான். எதிரே கட்டை நின்றுகொண்டிருந்தான், இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்க.

கொக்கின் முகம் மலர்ந்தது. ஆட்டத்தில் தோற்ற பக்கத்துக் கேப்டன் அவன்தானே? கற்றுக்கொண்டதை மறக்காதவன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்து வலது கையை நீட்டினான்.

“முடிஞ்சுதுண்ணே” என்றான்.

கூடை அவன் தலைக்கு மேலே இருந்தது. பந்து இடுக்கில் தளர்ந்து இருந்தது. கட்டை அந்தக் கையைப் பார்த்தான். இருபது வருஷத்தில் அவன் பிடித்த கைகள் எத்தனையோ. எண்ணெய்க் கை, மை படிந்த கை, பஞ்சு ஒட்டிய கை. இது ஒரு நல்ல கை. அதற்குப் பின்னால் ஏணி நின்றான், கண்ணை அகல விரித்துக்கொண்டு. நான் இருக்கேன்லடா.

கட்டையின் கை முன்னால் போயிற்று. கொக்கு அதைப் பிடிக்கத் தன் கையைத் தாழ்த்தினான். கட்டையின் கை அதைத் தாண்டிப் போய்க் கக்கத்தில் இருந்த பந்தை அறைந்து பிடுங்கியது.

எம்பினான். அவன் வாழ்நாளில் அவ்வளவு உயரம் எம்பியதில்லை. பந்து பலகையில் பட்டு வலைக்குள் இறங்கியது. அரங்கு இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். எட்டு! கட்டையும் கத்தினான், என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் விசில் ஒன்று முன்னாலேயே ஒலித்திருந்தது என்பது அவனுக்குக் கடைசியாகத்தான் உறைத்தது.

நடுவர் தன் மணிக்கட்டை இன்னொரு கையால் வெட்டிக் காட்டினார். பந்தோடு சேர்த்துக் கொக்கின் கையையும் அடித்திருக்கிறான். ஃபவுல். கூடை செல்லாது.

கொக்கு தன் முன்கையைத் தடவிக்கொண்டு நின்றான். அங்கே ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் சண்டைக்கு வரவில்லை, நடுவரிடம் முறையிடவும் இல்லை. கட்டையை மட்டும் பார்த்தான். ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

ஃப்ரீ த்ரோ இரண்டு. கொக்கு முதலாவதைப் போட்டான். இரண்டாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது; நாலைந்து கைகள் அதைத் தொட்டன; மணி அடித்தது. பந்து உருண்டு ஓடியது. கொக்கு போய் அதை எடுத்துக்கொண்டான்.

டிப்போக் குடும்பங்கள் எழுந்து நின்று கை தட்டின. ஏன் தட்ட மாட்டார்கள்? போர்டில் இவர்கள் பக்கம்தானே அதிகம்? பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காதவர்கள் கடைசி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். கட்டையின் மனைவி குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஏணியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன் வரிசையில் முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது.

ஏணி பக்கத்தில் வந்தான். அவன் கோபமாக இருந்திருந்தால் கட்டை தாங்கியிருப்பான்.

“கை குடுக்காதீங்கன்னுதான் சொன்னேன்” என்றான் மெதுவாக. “இதைச் சொல்லல மாமா. நான் இதைச் சொல்லல.”

கட்டை வாயைத் திறந்தான். உனக்காகத்தான்டா என்று வந்தது; அதை விழுங்கிவிட்டான். வேலையும் போயிற்று, லீக்கும் போயிற்று. மிச்சமிருந்தது ஒரு வழக்கம், பழைய லீக்கிலிருந்து ஒன்பது பேரும் சுமந்து வந்த ஒரே சொத்து. அதையும் தானே போட்டு உடைத்தாயிற்று, அதுவும் ஒரு செல்லாத கூடைக்காக. இனி யாரிடம் போய் எந்தக் கையை நீட்டுவது? இந்த உலகத்திலேயே தன்னைவிடக் கேடுகெட்டவன் கிடையாது என்று நினைத்தான், அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

முறைப்படி இரண்டு அணியும் வரிசையாக நின்று எதிரெதிரே நடந்து கை கொடுக்க வேண்டும். நடந்தார்கள். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சிலர் கட்டையின் இடத்துக்கு வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறக்க ஆரம்பித்தார்கள். வரிசையின் கடைசியில் கொக்கு வந்தான். வர மாட்டான் என்றுதான் கட்டை நினைத்தான். வராமல் இருந்திருக்கலாம்.

கொக்கு எதிரே வந்து நின்றான். பழகிய பிள்ளை, வலது கையை நீட்டினான். அதற்கு முன், வலது கக்கத்தில் கட்டையின் கைக்கு எட்டும்படி இருந்த பந்தை எடுத்து மறுபக்கத்துக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டான்.